டெஸ்டிங் அண்ணன் கட்டிய விளையாட்டுப் பெட்டி

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்திரிகையை வாரா வாரம் வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறவன் நான். படிக்கிற ஆள் படிப்பதோடு நின்றுகொள்ள வேண்டும் என்பது என் கொள்கை. உயர்நிலைப்பள்ளி நான்காம் ஆண்டோடு படிப்பு முடிந்தது. என் கட்டுரைகளுக்குத் தமிழாசிரியர் எழுதிய ஒரே பாராட்டு 'கையெழுத்து நன்று' என்பதுதான். கூட்டத்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் கழிவறைப் பக்கம் போய்விடுவேன். ஆனாலும் டெஸ்டிங் அண்ணனைப் பற்றி யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். எங்கள் மாடியில் மற்ற எல்லோருக்கும் வேலை இருக்கிறதாம்.

சிங்கப்பூரில் விற்கிற பொருள்களில் டெஸ்டிங் அண்ணன் சோதித்துப் பார்க்காமல் வாங்கியது ஒன்றுகூடக் கிடையாது. குடை வாங்கப் போனால் மழை வரும்வரை கடை வாசலில் நிற்பார். சிங்கப்பூர் என்பதால் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. சோறு வேகவைக்கும் குக்கர் வாங்க வீட்டிலிருந்து அரிசியும் தண்ணீரும் கொண்டுபோனார். மெத்தைக் கடையில் 'சும்மா பார்க்கிறேன்' என்று படுத்தவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். விற்பனைப் பெண் மேலாளரைக் கூப்பிட்டாள். மேலாளர் வந்து பார்த்துவிட்டு, ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனார்.

சோதிக்காமல் அவர் வீட்டுக்கு வந்தது மனைவி மல்லிகா அக்கா மட்டும்தான் என்று சொல்வார்கள். அதுவும் சரியில்லை. அங்கே சோதித்தது அக்கா. தேறியது இவர்.

அண்ணன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். ஈசூனில் எங்கள் மாடியில், மின்தூக்கிக்கு எதிர் வீடு. காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டால் மதியம் வரைக்கும் அவருக்கு வேலை இல்லை. அவருடைய சோதனைகள் எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

அண்ணனும் அக்காவும் இளவயதில் இருந்தபோது, சிராங்கூன் சாலையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு விளையாட்டுக் கூடம் இருந்ததாம். ஆள் உயரப் பெட்டிகள். பெட்டியின் கண்ணாடிக்குள் விண்கலங்கள் பறக்கும். காசு போட்டுவிட்டு, இடது கையால் கம்பியைப் பிடித்துத் திருப்பி, வலது கையால் பட்டனைத் தட்டிச் சுட வேண்டும். இப்போது பிள்ளைகள் இதை 'ரெட்ரோ ஆர்கேட்' என்கிறார்கள். அங்கே விளையாட வந்த ஒரே பெண் மல்லிகா அக்கா. பெட்டியின் இடது பக்கம் அவருக்கு. பட்டனை அவர் தட்டுகிற சத்தம் தையல் மெஷின் ஓடுவது போலக் கேட்குமாம். வலது பக்கம் நின்ற அண்ணன் ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றார். தோற்றபோதெல்லாம் ஒரு காரணம் வைத்திருந்தார். கம்பி லூஸ், பட்டன் டைட், பின்னால் நின்றவன் கழுத்தில் மூச்சு விட்டான்.

"இவ்ளோ சாக்கு சொல்ற ஆளு வீட்ல இருந்தா பொழுது நல்லா போகும்னு நெனச்சேன்" என்பதுதான், ஏன் கட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டால் அக்கா சொல்லும் பதில்.

சென்ற ஆண்டு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. நடை சில வாரங்களில் சரியானது. பேச்சு அதற்கு முன்பே சரியானது. வாய் திரும்பியதும் முதல் வேலையாக அண்ணனைத்தான் திட்டினாராம். அண்ணன் வார்டிலேயே உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாராம். வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. விரல்கள் அசையும், ஆனால் யோசித்து யோசித்து, பலமில்லாமல் அசையும். பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் திரும்பும், சும்மா வைத்திருந்தால் இப்படியே நின்றுவிடும் என்று மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லி, பிசைந்து பழக ஒரு ரப்பர் பந்தையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அக்கா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் என்ன நாய்க்குட்டியா?" என்றார். பந்து துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போனது.

அதன்பிறகு எல்லாமே இடது கைதான். கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டார். நாலு பேர் முன்னால் அப்படிச் சாப்பிடக் கூச்சப்பட்டுக் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். அடுத்து கோயில் அன்னதானம் நின்றது. அதற்கும் பிறகு கீழ்த்தளத்துக் காப்பிக் கடை. வலது கை எப்போதும் முந்தானைக்குள் இருக்கும். எங்கள் மாடியையே அதட்டி வைத்திருந்த குரல், கதவுக்கு உள்ளேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் அண்ணன் அந்தக் காலத்து விளையாட்டுப் பெட்டி மாதிரி ஒன்றை வீட்டிலேயே கட்டப் புறப்பட்டார்.

விஷயம் மாடி முழுக்கத் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது. 'எனக்கு வயசாகுது, ஒரு பொழுதுபோக்கு' என்பது வீட்டில் அண்ணன் சொன்ன கதை. அக்காவின் கைக்காக என்று தெரிந்தால், தன்மேல் பரிதாபப்பட்டுவிட்டார்கள் என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பட்டன் விறைப்பாக இருந்தாலோ அவரால் அழுத்த முடியாது. ஒரே ஒரு தரம் முயன்று பார்ப்பார். முடியவில்லை என்றால் அவ்வளவுதான், அந்தக் கை முந்தானைக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிடும். மிருதுவான பட்டன்கள் கடையில் கிடைக்கும். ஆனால் அவை சத்தமே போடாது. ஒரு காலத்தில் தையல் மெஷின் மாதிரித் தட்டியவருக்கு, ஊமைப் பட்டனைத் தொட்டதுமே விஷயம் புரிந்துவிடும்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, பட்டன் அப்பளம் மாதிரி இருக்கணும். தொட்டாலே ஒடயணும். ஆனா ஒடயுறப்ப சத்தம் கேக்கணும்."

என்னை ஏன் கூப்பிட்டார் என்றால், நான் ஷிப்ட் வேலைக்காரன், பகலில் வீட்டில் இருப்பவன். தவிர, முடியாது என்று சொல்ல எனக்கு வராது.

மரப்பலகையில் தொடங்கினார். நம் ஊர்ப் புழுக்கத்தில் எந்தப் பலகை உப்பாமல் இருக்கும் என்று பார்க்க, ஆறேழு வகைத் துண்டுகளை வாங்கிக் குளியலறையில் வரிசையாக நிற்கவைத்தார். அக்கா அதில் நல்லதாக ஒன்றை எடுத்து வாளிக்குக் கீழே போட்டுக்கொண்டார். கடைசியில் ஜெயித்தது அந்தப் பலகைதான். மற்றவை எல்லாம் உப்பிப் பிரிந்தபோது, தண்ணீரிலேயே கிடந்த அது மட்டும் அப்படியே இருந்தது. அண்ணன் அதே ரகத்தில் முழுப் பலகைகளை வாங்கி அறுத்தார்.

திரைக்கு, பழைய காலத்துத் தடிமனான டியூப் டிவிதான் வேண்டும், தட்டையான திரையில் விண்கலம் கோலமாவு மாதிரித் தெரியும் என்றார். தேடிப் பிடித்து ஒன்றை நானும் அவரும் தூக்கிவந்தோம். கூடத்தில் இறக்கி வைத்ததும் கீழ் வீட்டுக்காரர் என்ன விழுந்தது என்று பார்க்க மேலே ஓடிவந்தார். விளையாட்டுகளை ஓட்டும் கம்ப்யூட்டரோ உள்ளங்கை அளவு போர்டு. 'இவ்வளவு பெரிய வீட்டுக்கு இவ்வளவு சின்ன ஆளா குடித்தனம்?' என்று அக்கா கேட்டதாகச் சொன்னார்கள். கம்பியின் தலைக்கு நீளக் குமிழா உருண்டைக் குமிழா என்று இரண்டையும் முறுக்கு டின் மூடியில் திருகி வைத்து, சாப்பிடும் மேசையில் ஒரு வாரம் ஆட்டிக்கொண்டிருந்தார். கையில் வெண்ணெய் இருந்தாலும் வழுக்காதது உருண்டைதான் என்று முடிவானது. வெண்ணெய் வைத்து ஆட்டியது நான்.

பட்டன்தான் எங்களை அலைய வைத்தது.

ஜாலான் புசார் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பட்டன் அங்கிள். அவர் கடையில் அண்ணன் ஒரு பட்டனை எடுத்து அழுத்திப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "நல்ல கையால அமுக்கினா எல்லாப் பட்டனும் நல்லாத்தான் இருக்கும். தம்பி, கையப் போட்டு மேல ஒக்காரு."

புரியவில்லை. அவரே செய்து காட்டினார். வலது கையை நாற்காலியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தார். மரத்துப்போகும்வரை உட்கார வேண்டும், பிறகு அந்தக் கையால் அழுத்த வேண்டும், அப்போதுதான் அக்காவின் விரலுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். நானும் பக்கத்து நாற்காலியில் என் கையின் மேல் உட்கார்ந்தேன். இரண்டு நடுவயது ஆண்கள், ஆளுக்கொரு கையைப் பின்பக்கத்தின் கீழ் வைத்துக்கொண்டு, கடை வாசலைப் பார்த்தபடி. வந்த வாடிக்கையாளர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

பட்டன் அங்கிள் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, "பிரதர், யூ பையிங் ஆர் யூ சிட்டிங்?" என்று கேட்டார்.

அண்ணன் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். அக்கா, கை, ரப்பர் பந்து, அப்பளம். அப்பளத்துக்கு ஆங்கிலம் தெரியாமல், மலாய்க்காரர்கள் பொரிக்கும் இறால் வற்றலின் பெயரைச் சொல்லி 'கெரோப்போக்' என்று சமாளித்தார். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டு முடித்து, கடையில் இருந்த பட்டன்களை எல்லாம் ஒரு தட்டில் கொட்டி எங்கள் முன்னால் வைத்துவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வலது கையின் மேல் உட்கார்ந்தார்.

அன்று முதல் நாங்கள் மூன்று பேர்.

அவர் கொடுத்தனுப்பிய மாதிரிப் பட்டன்களை அண்ணன் ஒரு பிஸ்கட் டின்னில் துளை போட்டுப் பொருத்தி, வயர் இழுத்து, எங்கே போனாலும் கையோடு கொண்டுபோவார். ஒருநாள் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் பை சோதனைக்கு நிறுத்தினார்கள். தகர டப்பா, உள்ளே வயர், மேலே சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டன்கள். அதிகாரி ஓர் அடி பின்னால் போனார். அண்ணனுக்கு அது புரியவில்லை. யாரோ ஒருவர் தன் பட்டனில் அக்கறை காட்டுகிறார் என்று மட்டும் புரிந்தது. "அமுக்கிப் பாருங்க சார், வெக்கப்படாதீங்க" என்றார். நான் தூணோடு தூணாக நின்றேன். இன்னோர் அதிகாரி வந்தார், டின்னைத் திறந்து பார்த்தார், அடக்கமாகச் சிரித்தார். அண்ணன் அவரையும் விடவில்லை. கடைசியில் இருவருமே அழுத்திப் பார்த்து, மஞ்சள் பட்டன் பரவாயில்லை, ஆனால் கொஞ்சம் விறைப்பு என்று கருத்துச் சொன்ன பிறகுதான் நாங்கள் ரயில் ஏறினோம்.

அந்த 'கொஞ்சம் விறைப்பு' எல்லாவற்றிலும் இருந்தது. சத்தம் வந்தால் விறைப்பு, விறைப்பு போனால் ஊமை. கடைசியில் பட்டன் அங்கிளே கையை உதறிக்கொண்டு எழுந்து, "நோ மோர் லா. ஆல் ட்ரை ஆல்ரெடி" என்று சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்து, அக்கா தூங்கும் நேரம் பார்த்து, சமையலறையில் மஞ்சள் பட்டனைப் பிரித்தார். உள்ளிருந்த ஸ்ப்ரிங் ஒரு துள்ளுத் துள்ளி, துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போனது. இருவரும் தரையில் படுத்துத் துழாவினோம். ரப்பர் பந்து கிடைத்தது. ஸ்ப்ரிங் கிடைக்கவில்லை.

சலித்துப்போய் ஸ்ப்ரிங் இல்லாமலே பட்டனை மூடினார். பழக்கதோஷத்தில் ஒரு தட்டுத் தட்டினார். டக்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பட்டனுக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சுக்குள்ளேயே மெல்லிய ஸ்ப்ரிங் ஒன்று உண்டு. பட்டனைத் திருப்பித் தள்ள அது போதும். வெளியில் இருந்த தடித்த ஸ்ப்ரிங்தான் இத்தனை நாள் எங்களைப் படுத்தியது. நான் உடனே தரையிலேயே என் கையின் மேல் உட்கார்ந்தேன். மரத்துப்போன விரலால் தொட்டேன். டக். அப்பளமேதான்.

அண்ணன் இடது பக்கப் பட்டன்கள் எல்லாவற்றிலும் ஸ்ப்ரிங்கைக் கழற்றினார். வலது பக்கம் அவருடையது. அதை அப்படியே விட்டார். ஏன் அண்ணே என்று கேட்டேன். "என் பக்கம் கம்பெனிக்காரன் குடுத்தபடியே இருக்கட்டும் தம்பி. தோத்தா சொல்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல."

ஆயுத பூஜைக்குப் பெட்டி தயாரானது. ஆள் உயரம், பக்கங்களில் கருநீல வண்ணம், மேலே மஞ்சள் விளக்கு. சொன்னால் பெருமையடிப்பது போல இருக்கும், ஆனால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு என் உயரம் கொஞ்சம் கூடியது போலத்தான் இருந்தது. வாழ்க்கையில் நான் சேர்ந்து செய்த எதிலும் அதற்கு முன்னால் அப்படி விளக்கு எரிந்ததில்லை. அண்ணன் மாடி முழுவதையும் மாலையில் விளையாட அழைத்திருந்தார். பட்டன் அங்கிள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்திருந்தார்.

அந்த வீட்டில் ஆயுத பூஜை என்றால் பேருந்துச் சாவி, ஸ்பானர், தையல் மெஷின், மிக்ஸி வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது அக்காதான். இந்த ஆண்டு "நீங்களே வச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். கை முந்தானைக்குள் இருந்தது.

எந்தப் பொருளைப் பற்றியும் எல்லாம் தெரிந்த அண்ணனுக்குப் பொட்டு வைக்க மட்டும் தெரியாது. காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டார். மிக்ஸியில் முதலில் குங்குமத்தை வைத்து, அதன் மேல் சந்தனத்தை அப்பினார். ஸ்பானரில் வைத்தது வழிந்தது. பிறகு பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, என்னங்க அது, சுவத்துக்குப் பெயின்டா அடிக்கிறீங்க?" என்று குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அக்கா எழுந்து வந்தார். இடது கையால் சந்தனக் கிண்ணத்தை வாங்கினார். அப்படியே நின்றார். கிண்ணம் இடது கையில் இருக்கிறது. பொட்டு எந்தக் கையால் வைப்பது? பூஜைக்கு இடது கையால் பொட்டு வைக்கிற ஆள் இல்லை அவர். அண்ணன் பஞ்சுக் குச்சியைப் பிடித்தபடி நின்றார்.

முந்தானைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. மோதிர விரல் யோசித்து யோசித்து நீண்டு, சந்தனத்தைத் தொட்டது. முதலில் கம்பியின் உருண்டைத் தலையில் ஒரு பொட்டு. பிறகு இடது பக்கம் முதல் பட்டன்.

டக்.

அக்கா விரலை எடுத்தார். விரலைப் பார்த்தார். அடுத்த பட்டனில் வைத்தார். டக். அடுத்தது. டக். கூடத்தில் மின்விசிறியும் அந்தச் சத்தமும்தான். பட்டன் அங்கிள் என் காதில், "மை பட்டன்" என்றார். பிறகு அக்கா குங்குமத்தைத் தொட்டு முதலிலிருந்து மறுபடியும் வந்தார். இந்தத் தரம் கொஞ்சம் வேகமாக. தையல் மெஷின் என்று சொல்ல முடியாது. தையல் மெஷினுக்கு யாரோ நூல் கோக்கிற வேகம்.

வலது பக்கத்துக்கு வந்தார். பொட்டு வைத்தார். சத்தமில்லை. கொஞ்சம் அழுத்தினார். சத்தமில்லை. அக்கா நிமிர்ந்தார்.

"ஏன் அந்தப் பக்கம் பேசுது, இந்தப் பக்கம் பேசல?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "எல்லாம் ஸ்டாண்டர்ட்தான் மல்லிகா. இந்தப் பக்கம் புதுசு, பழகணும்."

"பொய் சொல்ல வரலைன்னா கம்முனு இருக்கணும். கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து நான் பட்டன் பாக்குறேன்."

அண்ணன் பஞ்சுக் குச்சியைக் கீழே வைத்தார். "உன் பக்கம் ஸ்ப்ரிங்க எடுத்துட்டேன்" என்றார். அந்த ஆள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். விரல் நுனியில் குங்குமம் இருந்தது.

"நாளைக்கு உங்க பக்கத்துலயும் எடுத்துடுங்க" என்றார். "தோத்துட்டு ஸ்ப்ரிங் மேல பழி போடக் கூடாது."

முதலில் சிரித்தது பட்டன் அங்கிள். அவருக்குத் தமிழ் தெரியாது. அண்ணன் முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

கற்பூரம் காட்டினார்கள். தீபத்துக்குப் பின்னால் திரையில் விண்கலங்கள் தாமாகவே பறந்துகொண்டிருந்தன. பட்டன் அங்கிள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, இப்போது விளையாடலாமா என்று கேட்டார். அக்கா முடியாது என்றார். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு யாரும் எடுக்கக் கூடாது, நாளைக்குத்தான். உலகத்தில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்த டெஸ்டிங் அண்ணன், விளையாட அழைத்த நாள் என்ன நாள் என்பதை மட்டும் பார்க்கவில்லை. மாடியே வந்து, விளையாட்டுப் பெட்டியைச் சுற்றி நின்று கும்பிட்டுவிட்டுச் சுண்டல் சாப்பிட்டது.

அக்காவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். கரண்டி இல்லாமல், வலது கையால், ஒவ்வொரு கடலையாக எடுத்து. பாதி கீழே விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், தன் தட்டிலிருந்தும் கொஞ்சத்தைத் தரையில் சிந்திக்கொண்டார்.

மறுநாள் விஜயதசமி. அண்ணன் தன் பக்கத்து ஸ்ப்ரிங்குகளையும் கழற்றினார். காலையில் இருவரும் விளையாடினார்கள். அண்ணன் தோற்றார். பட்டனுக்குள் சந்தனம் இறங்கிவிட்டது என்றார்.